நுண் உணரிகளில் உலோக ஆக்சைடு மென்படலம்: படிவிப்பது, வடிவம் பொறிப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிலிக்கான் வேஃபரின் (மெல்லிய வட்டத் தகட்டின்) மீது வாயு உணரியோ ஈரப்பத உணரியோ செய்ய இறங்கியவர்களுக்கு இரண்டு தொல்லைகள் உண்டு. ஆக்சைடு படலத்தை ஒழுங்காக ஏற்ற வேண்டும். ஏற்றியதை வேண்டிய இடத்தில் மட்டும் நிறுத்தி, மற்ற இடங்களிலிருந்து நீக்க வேண்டும். தூய்மை அறையில் பல ஆண்டுகள் இதே வேலையைச் செய்தவன் என்பதால் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எந்த வரிசையிலும் படிக்கலாம். முதல் கேள்வியை மட்டும் தாண்டிப் போக வேண்டாம்.

படலம் ஏற்றுவதற்கு எந்த முறை சிறந்தது?

இந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: படலத்தை எப்படி வெட்டப் போகிறீர்கள்? அதற்கு விடை தெரிந்தால், ஏற்றும் முறை பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

ஒளியால் வடிவம் பொறிக்கும் ரெசிஸ்ட் என்ற பூச்சின் மேல் படலத்தை ஏற்றிவிட்டு, பிறகு ரெசிஸ்டோடு சேர்த்து உரித்தெடுப்பது லிஃப்ட்-ஆஃப். அதைத் தேர்ந்தெடுத்தால் வேஃபரின் வெப்பம் 100, 120 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரெசிஸ்ட் உருகி வழியும், அல்லது கருகி இறுகும். ஆகவே படலம் குளிர்ந்த தளத்தில், பெரும்பாலும் படிகமற்ற நிலையில் வந்து விழும். மாறாக, 400 டிகிரிக்கு மேல் சூடான தளத்தில் நல்ல படிகமாக வளர்க்க ஆசைப்பட்டால், அங்கே ரெசிஸ்டுக்கு இடமில்லை. வளர்த்த பிறகு அரித்துத்தான் ஆக வேண்டும். அரிக்க முடியுமா என்பதை அந்த ஆக்சைடுதான் சொல்லும்.

நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த முதல் ஆண்டில் 500 டிகிரியில் டின் ஆக்சைடு படலம் ஒன்றை வளர்த்தேன். எக்ஸ் கதிர் சோதனையில் கோடுகள் ஊசி போல நின்றன. அதைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தேன். அதன் பிறகு இரண்டு வாரம் அலமாரியில் இருந்த அமிலங்களை ஒவ்வொன்றாக ஊற்றிப் பார்த்தேன். படலம் அசையவில்லை. கடைசியில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் பக்கவாட்டில் புகுந்து, பிளாட்டினம் மின்முனைக்கு அடியில் ஒட்டுப்படலமாக இருந்த டைட்டேனியத்தைத் தின்றுவிட்டது. மின்முனையும் படலமும் சேர்ந்து தோணி போல மிதந்து வந்தன.

ஆக்சைடு எப்படி வாயுவை உணர்கிறது? படலம் செய்பவருக்கு அது எதற்குத் தெரிய வேண்டும்?

டின் ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு, டங்ஸ்டன் ஆக்சைடு போன்றவற்றில் மின்னோட்டத்தைச் சுமப்பவை எலக்ட்ரான்கள். 200 முதல் 400 டிகிரி வரை சூடாக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைப் பறித்துக்கொள்ளும். மேற்பரப்பை ஒட்டிய ஒரு மெல்லிய பகுதி எலக்ட்ரான் வற்றிப்போய், மின்தடை உயரும். கார்பன் மோனாக்சைடோ ஹைட்ரஜனோ வந்தால் அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்து எலக்ட்ரானைத் திருப்பித் தரும், மின்தடை இறங்கும். நிக்கல் ஆக்சைடு, தாமிர ஆக்சைடு போன்றவற்றில் இதற்கு நேர்மாறாக நடக்கும்.

1962இல் ஜப்பானில் செய்யாமாவும் அவரது குழுவினரும் துத்தநாக ஆக்சைடு மென்படலத்தில் இந்த மாற்றத்தைக் காட்டினார்கள். அதே காலத்தில் டகுச்சி டின் ஆக்சைடைக் கொண்டு எரிவாயுக் கசிவைக் காட்டும் உணரியை உருவாக்கினார். அறுபதுகள் முடிவதற்குள் அது விற்பனைக்கும் வந்துவிட்டது.

எலக்ட்ரான் வற்றும் அந்தப் பகுதியின் ஆழம் சில நானோமீட்டர்தான். படிகத் துகளின் அளவு அதற்கு அருகில் இருந்தால் துகள் முழுவதும் வாயுவுக்குப் பதில் சொல்லும்; துகள் பெரிதாக இருந்தால் மேல்தோல் மட்டுமே பேசும். ஆகவே துகளின் அளவு, துளைகள், மேற்பரப்பில் எஞ்சிய அழுக்கு எல்லாமே உணரியின் குணத்தைத் தீர்மானிக்கின்றன. நீங்கள் படலத்தைத் தொட்ட ஒவ்வொரு தடவையையும் அது நினைவில் வைத்திருக்கும்.

எவ்வளவு தடிமன் வேண்டும்?

வாயு உணரிகளில் 50 முதல் 200 நானோமீட்டர் வரை தொடங்குவது வழக்கம். மிகவும் மெலிந்தால் படலம் தீவுதீவாக நிற்கும், மின்தடை அளக்க முடியாத உயரத்துக்குப் போகும். தடித்தால் அடர்ந்த படலத்தின் உட்பகுதிக்கு வாயு போகாது. அந்த உட்பகுதி மின்னோட்டத்துக்குக் குறுக்கு வழியாகிவிடும். உணர்திறன் குறைந்துவிட்டதே என்று படலத்தை மேலும் தடிமனாக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது எதிர்த்திசையில் ஓடுவது.

ஏற்றுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். மின்தடைத்திறன் 1 ஓம்-சென்டிமீட்டர், தடிமன் 100 நானோமீட்டர் என்றால், ஒரு சதுரத்துக்கு மின்தடை 1 லட்சம் ஓம். மின்முனைகளைச் சீப்புப் பற்கள் போலக் கோத்து வரைந்தால் பல சதுரங்கள் பக்கவாட்டில் இணைந்து, மொத்த மின்தடை சில ஆயிரம் ஓமுக்கு இறங்கும். உங்கள் அளவீட்டுச் சுற்று எந்த எல்லைக்குள் படிக்கும் என்பதை இந்தக் கட்டத்திலேயே சரிபார்க்காவிட்டால், வேஃபர் முடிந்த பிறகு வருத்தப்பட நேரிடும்.

ஸ்பட்டரிங் செய்யும்போது உலோக டார்கெட்டா, ஆக்சைடு டார்கெட்டா? ஒவ்வொரு தடவையும் படலம் மாறிப்போகிறதே?

இரண்டு கேள்விகளுக்கும் வேர் ஒன்றுதான்.

ஸ்பட்டரிங்கில் உலோக டார்கெட்டை, அதாவது மூலத் தகட்டை, ஆர்கான் அயனிகள் தாக்கி, வேஃபரில் படியும் அணுக்களைப் பெயர்த்தெடுக்கின்றன. கூடவே கொஞ்சம் ஆக்சிஜன் விட்டால், புதிதாகப் படியும் உலோகம் அதை விழுங்கி ஆக்சைடாகும். ஆக்சிஜனை மெல்ல மெல்லக் கூட்டினால், ஒரு கட்டம் வரை அறையின் அழுத்தத்தில்கூட மாற்றம் தெரியாது, வந்ததெல்லாம் விழுங்கப்படுகிறது. அந்தக் கட்டத்தைத் தாண்டியதும் டார்கெட்டின் முகத்திலேயே ஆக்சைடு மூடத் தொடங்கும். ஆக்சைடிலிருந்து அணுக்களைப் பெயர்ப்பது கடினம் என்பதால் படிவு வேகம் விழும். வேகம் விழுந்தால் ஆக்சிஜனை விழுங்க உலோகம் போதாது. மிஞ்சும் ஆக்சிஜன் டார்கெட்டை மேலும் மூடும். சில நொடிகளில் எல்லாம் மறுபக்கம் சாய்ந்துவிடும். இதை டார்கெட் நஞ்சேறியது என்பார்கள். பழைய நிலைக்குத் திரும்ப ஆக்சிஜனைச் சாய்ந்த புள்ளிக்குக் குறைத்தால் போதாது. அதற்கும் வெகு கீழே இறக்க வேண்டும். போன வழி வேறு, வந்த வழி வேறு.

இப்போது யோசியுங்கள். அந்தச் சரிவின் விளிம்பில் உங்கள் செய்முறை நிற்கிறது என்றால், அறையின் சுவரில் நேற்று யாரோ படியவைத்த வேறு உலோகம், பம்பின் வேகத்தில் சிறு மாற்றம், டார்கெட்டில் ஆழமாகிவிட்ட பள்ளம் – எதுவும் உங்களை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளும். செய்முறைத் தாளில் எண்கள் அப்படியே இருக்கும். படலம் வேறாக இருக்கும்.

ஒவ்வொரு புது டார்கெட்டுக்கும் ஆக்சிஜன் ஓட்டத்தைப் படிப்படியாக ஏற்றியும் இறக்கியும் டார்கெட்டின் மின்னழுத்தத்தைக் குறித்து ஒரு வரைபடம் போடுங்கள். உலோகத்தைப் பொறுத்து நஞ்சேறும்போது மின்னழுத்தம் ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். பாய்ச்சல் இருக்கும் இடம்தான் முக்கியம். திரும்பத் திரும்ப ஒரே படலம் வேண்டும், அவசரமில்லை என்றால், முழுவதும் நஞ்சேறிய பக்கத்திலேயே வேலை செய்யுங்கள். படிவு மெதுவாக இருக்கும், ஆனால் நிலையாக இருக்கும். படிவிக்கும் முன் ஷட்டரை மூடி வைத்துப் பத்து நிமிடமாவது டார்கெட்டை அதே வாயுக் கலவையில் ஓடவிடுங்கள்.

ஆக்சைடு டார்கெட்டில் இந்தச் சரிவுத் தொல்லை குறைவு. ஆனால் அது மின்கடத்தாப் பொருளாக இருந்தால் நேர்மின்னோட்டம் உதவாது, 13.56 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அதிர்வெண் மின்சாரம் வேண்டும். வேகமாகச் சூடேற்றினால் விரிசல் விடும். கொஞ்சம் ஆக்சிஜனும் சேர்த்தே விட வேண்டும். டார்கெட்டில் இருந்த விகிதம் அப்படியே படலத்துக்கு வந்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

இன்னொன்று: ஆக்சிஜன் எதிர்மின் அயனிகள் டார்கெட்டிலிருந்து கிளம்பி, நேர் எதிரே இருக்கும் வேஃபரை முழு வேகத்தில் தாக்கும். வேஃபரின் ஒரு வளையத்தில் மட்டும் மின்தடை மாறுபட்டு நின்றால், டார்கெட்டின் பள்ளத்துக்கு நேராக அந்த வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். வேஃபரைச் சற்று ஒதுக்கி வைப்பதும், சுழற்றுவதும், அழுத்தத்தைக் கூட்டுவதும் உதவும்.

அணு அடுக்குப் படிவிப்பு இருக்கும்போது ஸ்பட்டரிங் எதற்கு?

ஃபின்லாந்தில் துவோமோ சுன்டோலா எழுபதுகளில் வளர்த்தெடுத்த அந்த முறையின் அழகை நான் மறுக்கவில்லை. ஒரு வாயுவைச் செலுத்தி, வெளியேற்றி, இரண்டாவதைச் செலுத்தி, வெளியேற்றி – ஒரு சுற்றுக்குச் சுமார் 0.1 நானோமீட்டர் அலுமினியம் ஆக்சைடு வளரும். துத்தநாக ஆக்சைடு கிட்டத்தட்ட அதன் இருமடங்கு. தடிமனைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் அளந்துவிடலாம். ஆழ்ந்த பள்ளத்தின் அடிவரை சீராகப் படியும்.

அந்தச் சீர்மையேதான் லிஃப்ட்-ஆஃபுக்கு எமன். ரெசிஸ்டின் மேலும், பக்கச் சுவரிலும், உட்குழிவிலும் ஒரே தடிமனில் மூடிவிடும்; கரைப்பான் உள்ளே போக வழியே இருக்காது. 5 நானோமீட்டர் படலத்துக்கு எப்படியோ தப்பிக்கலாம். 50 நானோமீட்டருக்கு அரித்துத்தான் ஆக வேண்டும். நேரத்தையும் எண்ணிப் பாருங்கள்: 100 நானோமீட்டர் என்றால் பல நூறு, சில சமயம் ஆயிரம் சுற்றுகள்.

கரைசலைச் சுழற்றிப் பூசினால் மலிவாக முடியாதா?

முடியும். துளைகள் நிறைந்த, வாயுவுக்கு இணக்கமான படலம் கிடைக்கும். ஆனால் மின்முனையின் விளிம்பில் தடித்து விரிசல் விடும். ஒரே மூச்சில் தடிமனாகப் பூசாமல் மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றையும் சுட்டு ஏற்றுங்கள்.

வெறும் உலோகத்தை ஏற்றி, வடிவம் பொறித்து, பிறகு காற்றில் சுட்டு ஆக்சைடாக்கினால் என்ன?

நல்ல யோசனை, உலோகத்தை அரிப்பது எளிது என்பதால் பலருக்கும் தோன்றும். இடர் எங்கே என்றால், ஆக்சிஜன் உள்ளே புகும்போது படலம் வீங்குகிறது. டின் சுமார் 1.3 மடங்கு ஆகிறது, அது தாங்கக்கூடியது. டங்ஸ்டன் மூன்று மடங்குக்கும் மேல் வீங்குகிறது. தடித்த டங்ஸ்டன் படலத்தைச் சுட்டால் பெயின்ட் உரிவது போல உரிந்து நிற்கும்.

டின் விஷயத்தில் ஒரு சுவாரசியமான திருப்பம் உண்டு. அதன் உருகுநிலை 232 டிகிரி. தளத்தை அதற்கு மேல் சூடாக்கி வைத்து டின்னைப் படியவிட்டால், அது படலமாகப் பரவாமல் குட்டிக் குட்டி உருண்டைகளாகத் திரளும். பிறகு ஆக்சிஜனில் சுட்டால் உருண்டைகள் வீங்கி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, பஞ்சு போன்ற ஒரு வலை கிடைக்கும். மேற்பரப்பு ஏராளம். இத்தாலியின் பிரெசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த முறையை வளர்த்தெடுத்தார்கள். சூடான தளம் என்பதால் இங்கே ரெசிஸ்ட் உதவாது. துளையிட்ட உலோகத் தகட்டை மறைப்பாக வைத்து ஏற்றுவது எளிய வழி.

லிஃப்ட்-ஆஃப் செய்தால் விளிம்பில் சுவர் போல எழும்பி நிற்கிறதே?

அவற்றைக் காதுகள் என்போம். ஆவியாக்கிப் படிவிக்கும்போது அணுக்கள் நேர்க்கோட்டில் வருகின்றன. ஸ்பட்டரிங்கில் எல்லாத் திசைகளிலிருந்தும் வருகின்றன. ஆகவே ரெசிஸ்டின் பக்கச் சுவரிலும் படலம் ஏறிக்கொள்ளும். ரெசிஸ்டைக் கரைத்த பிறகு அந்தச் சுவர்ப்படலம் நின்றபடியே எஞ்சும். அது மேலே வரும் மின்காப்புப் படலத்தைக் குத்தித் துளைக்கும். இல்லையென்றால் பிறகு ஒடிந்து விழுந்து வேறெங்காவது தொல்லை தரும்.

மருந்து ரெசிஸ்டின் வடிவத்தில் இருக்கிறது. மேலே அகன்று அடியில் ஒடுங்கிய பக்கச்சுவர் வேண்டும். இரண்டு அடுக்கு ரெசிஸ்ட் போட்டு, கீழடுக்கை டெவலப்பரில் (ரெசிஸ்டைத் துலக்கும் கரைசலில்) கூடுதலாகக் கரையவிட்டுக் குடை போல ஒரு விளிம்பை உண்டாக்குவது என் விருப்பம். படிம மாற்று ரெசிஸ்டும் அதே பயனைத் தரும். ஆக்சைடின் தடிமன் கீழடுக்கின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பட்டரிங் அழுத்தத்தைக் குறைத்தால் அணுக்கள் சிதறுவது குறையும். அதுவும் கை கொடுக்கும்.

சூடு அடுத்த எதிரி. தளத்தைச் சூடாக்காவிட்டாலும் பிளாஸ்மாவே வேஃபரைச் சூடாக்கும். ஐந்து நிமிடம் ஓட்டி ஐந்து நிமிடம் நிறுத்துவது போலத் துண்டு துண்டாகப் படிவியுங்கள். ஒட்டுவதற்காக வேஃபரை முதலில் ஆர்கான் அயனிகளால் சுரண்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. ரெசிஸ்ட் இருக்கும்போது அதை அளவோடு செய்யுங்கள். மேல்தோல் இறுகிப்போன ரெசிஸ்ட் எந்தக் கரைப்பானுக்கும் மசியாது.

உரிக்கும்போது பொறுமைதான் கருவி. அசிட்டோனில் இரவு முழுவதும் தலைகீழாக ஊறவிடுங்கள். உரிந்த துணுக்குகள் மிதக்கும்போது வேஃபரை வெளியே எடுத்துக் காயவிட்டால் அவை ஒட்டிக்கொள்ளும். பிறகு எதற்கும் வராது. ஈரம் காயும் முன்பே அடுத்த தொட்டிக்கு மாற்றுங்கள்.

எந்த ஆக்சைடை எதில் அரிப்பது?

துத்தநாக ஆக்சைடு கிட்டத்தட்ட எந்த அமிலத்திலும் கரையும். மிகவும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில்கூடப் படலம் நொடிகளில் மறையும். வேகத்தைக் குறைப்பதுதான் அங்கே சிக்கல். அமிலத்தை மேலும் நீர்க்கவிடுங்கள், அல்லது அசிட்டிக் அமிலம் போன்ற மெலிந்த அமிலத்துக்கு மாறுங்கள். அதைவிடப் பெரிய பொறி வேறிடத்தில் இருக்கிறது. துத்தநாக ஆக்சைடு அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். பாசிட்டிவ் ரெசிஸ்டைத் துலக்கும் வழக்கமான டெவலப்பர், 2.38 சதவீத டெட்ராமீதைல் அமோனியம் ஹைட்ராக்சைடு, ஒரு காரம். ரெசிஸ்ட் துலங்கிய கணத்திலேயே அடியிலிருக்கும் படலத்தை அது தின்னத் தொடங்கும். “அமிலத்தைத் தொடவே இல்லை, படலத்தைக் காணோம்” என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, டெவலப்பரில் எத்தனை நொடி வைத்தீர்கள் என்பதுதான். படிகமற்ற அலுமினியம் ஆக்சைடும், படிகமற்ற டங்ஸ்டன் ஆக்சைடும் இதே பொறியில் சிக்கும். இவற்றுக்கு லிஃப்ட்-ஆஃப் ஏற்றது. ஆக்சைடு வருவதற்கு முன்பே டெவலப்பரின் வேலை முடிந்துவிடுகிறது.

டின் ஆக்சைடு இதற்கு எதிர்க்கோடி. படிகமானபின் வழக்கமான அமிலங்களை ஏறிட்டும் பார்க்காது. பழைய தந்திரம் ஒன்று: படலத்தின் மேல் துத்தநாகத் தூளைப் பரப்பி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால், அப்போது பிறக்கும் ஹைட்ரஜன் டின் ஆக்சைடை ஒடுக்கி, அமிலத்தில் கரையும்படி செய்யும். வேலை நடக்கும். விளிம்பு எலி கடித்தது போல இருக்கும். பல பத்து மைக்ரோமீட்டர் அகலமுள்ள வடிவங்களுக்கு மட்டுமே அதைப் பரிந்துரைப்பேன்.

இண்டியம்-டின் ஆக்சைடு படிகமாகாத நிலையில் ஆக்சாலிக் அமிலத்தில் சுத்தமாக அரியும். சுட்ட பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலம் தேவைப்படும். தாமிர ஆக்சைடு நீர்த்த அமிலங்களில் எளிதாகக் கரையும். வனேடியம் பென்டாக்சைடு வெறும் நீரிலேயே கொஞ்சம் கரையும். கழுவும் நேரத்தைக்கூடக் கணக்கில் வையுங்கள். டைட்டேனியம் ஆக்சைடுக்கு ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டு, ஆனால் அடியிலிருக்கும் சிலிக்கான் ஆக்சைடை அது இன்னும் வேகமாகத் தின்னும். உலர் முறைக்குப் போவது நல்லது.

100 நானோமீட்டர் படலத்தில் பக்கவாட்டு அரிப்பும் 100 நானோமீட்டர் அளவில்தான் இருக்க வேண்டும். பல மைக்ரோமீட்டர் உள்வாங்கியிருந்தால் அமிலத்தைக் குறை சொல்லாதீர்கள். ரெசிஸ்ட் ஒட்டவில்லை; இடுக்கில் அமிலம் ஓடியிருக்கிறது.

பிளாஸ்மாவில் அரிக்கும்போது எந்த வாயு?

விளைபொருள் ஆவியாகுமா என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். டங்ஸ்டன் ஹெக்ஸாஃபுளோரைடு 17 டிகிரியிலேயே கொதிக்கும். ஆகவே டங்ஸ்டன் ஆக்சைடுக்கு ஃபுளோரின் தரும் வாயுக்கள் இயல்பான தேர்வு. டின் டெட்ராகுளோரைடின் கொதிநிலை 114 டிகிரி. டின் ஃபுளோரைடோ 700 டிகிரியை ஒட்டித்தான் ஆவியாகும். ஆகவே டின் ஆக்சைடை ஃபுளோரினில் போட்டு மணிக்கணக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. குளோரின் தரும் வாயுவோ, மீத்தேன்-ஹைட்ரஜன் கலவையோ வேண்டும். துத்தநாக ஆக்சைடுக்கும் மீத்தேன்-ஹைட்ரஜன் கலவைதான் கை கொடுக்கும். அது மறைப்பின் மேலும் அறைச் சுவரிலும் பாலிமர் பூச்சு போடும் என்பதால் இடையிடையே ஆக்சிஜன் பிளாஸ்மாவால் துடைக்க வேண்டும். அலுமினியம் ஆக்சைடுக்கு போரான் டிரைகுளோரைடு. ஃபுளோரினை அது பொருட்படுத்தாது.

எதுவும் ஆவியாகாது என்றால் ஆர்கான் அயனிகளால் வெறும் பலத்தில் செதுக்கலாம். பெயர்ந்தது பக்கச் சுவரில் திரும்பப் படியும், ரெசிஸ்ட் கருகும், அடியிலிருக்கும் பிளாட்டினத்துக்கும் ஆக்சைடுக்கும் வேறுபாடு பார்க்காது. நேரத்தை அளந்து, சீக்கிரம் நிறுத்துங்கள்.

கருவியைத் தொடுமுன் அதன் பொறுப்பாளரிடம் அனுமதி கேளுங்கள். துத்தநாகம், தாமிரம், தங்கம் போன்றவை டிரான்சிஸ்டர் செய்யும் வரிசைக்கு நஞ்சு. அவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

வடிவம் பொறிக்காமலே தப்பிக்க வழி உண்டா?

நுண் அடுப்பு உங்களிடம் இருந்தால் உண்டு. மெல்லிய சவ்வில் தொங்கும் அந்தச் சிறு அடுப்பை அதன் சொந்த மின்சூடேற்றியால் சூடாக்கி, வினைவாயுவைச் செலுத்தினால், சூடான இடத்தில் மட்டும் ஆக்சைடு வளரும். குளிர்ந்த சிலிக்கானில் எதுவும் படியாது. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனத்தில் தொண்ணூறுகளில் டின் ஆக்சைடை இப்படி வளர்த்துக் காட்டினார்கள். ஒரே சில்லில் பல அடுப்புகளை வெவ்வேறு வெப்பநிலையில் வைத்து வெவ்வேறு படலங்களை ஒரே தடவையில் பெறலாம். வளரும்போதே மின்தடையையும் அளக்கலாம். இந்தத் துறையில் என்னைப் பொறாமைப்பட வைத்த வேலைகளில் இது முதலிடம் பெறும். பெருமளவில் வேஃபர் முழுவதும் செய்ய, ஒவ்வோர் அடுப்புக்கும் வெற்றிட அறைக்குள் மின்சாரம் கொண்டுபோக வேண்டியிருப்பதுதான் தடை.

அனீலிங் (ஏற்றிய படலத்தைச் சுடுவது) வடிவம் பொறிப்பதற்கு முன்பா, பின்பா?

பின்பு. படிகமற்ற படலம் எளிதில் அரியும். சுட்டபின் அடம் பிடிக்கும். நான் கடைப்பிடிக்கும் வரிசை இது: குளிர்ந்த நிலையில் ஏற்று, வடிவம் பொறி, சுடு, அதன் பிறகு அடியிலுள்ள சிலிக்கானை நீக்கிச் சவ்வை விடுவி.

உணரி எந்த வெப்பத்தில் வேலை செய்யுமோ அதைவிட 100 டிகிரியாவது மேலே சுடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் முடிக்காத அனீலிங்கைப் பயன்படுத்துபவர் மாதக்கணக்கில் முடித்துவைப்பார். அவருக்கு அது மின்தடை நகர்வாகத் தெரியும். காற்றிலோ ஆக்சிஜனிலோ 400 முதல் 600 டிகிரி, சில மணி நேரம், நிமிடத்துக்கு ஓரிரு டிகிரி என்ற மெதுவான ஏற்றம் என்பது பொதுவான தொடக்கம்.

மேல் எல்லையை ஆக்சைடு தீர்மானிப்பதில்லை, அடியில் இருப்பவை தீர்மானிக்கின்றன. பிளாட்டினத்துக்கு அடியிலுள்ள டைட்டேனியம், 500 டிகிரியைத் தாண்டும்போது பிளாட்டினத்தின் துகள் இடுக்குகள் வழியாக ஏறி ஆக்சைடாகிவிடும். சூடேற்றியின் மின்தடையே மாறிப்போகும். டான்டலம் ஒட்டுப்படலம் இதைவிட நன்றாகத் தாங்கும். வேஃபரில் அலுமினியக் கம்பிகள் இருந்தால் 577 டிகிரியில் அலுமினியமும் சிலிக்கானும் கூடி உருகும். 450 டிகிரியோடு நிறுத்திக்கொள்வது பத்திரம்.

சவ்வு சுருங்குகிறது, கிழிகிறது. ஆக்சைடா காரணம்?

இருக்கலாம். முதலில் அளந்து பாருங்கள். வெறும் வேஃபரின் வளைவை அளந்து, படலம் ஏற்றி, மறுபடி அளந்தால் தகைவு, அதாவது படலத்துக்குள் நிற்கும் இழுப்போ அமுக்கமோ, தெரிந்துவிடும். 1909இல் ஸ்டோனி கொடுத்த சூத்திரம் இன்றும் போதும். ஸ்பட்டரிங் அழுத்தம் குறைவாக இருந்தால் படலம் பொதுவாக அமுக்கத் தகைவோடு வரும், கூடினால் இழுவிசைக்கு மாறும். இடைப்பட்ட ஓர் அழுத்தத்தில் தகைவு சுழிக்கு அருகில் இருக்கும்; அதைத் தேடுங்கள். ஆனால் அனீலிங் எல்லாவற்றையும் மாற்றிவிடும். சுட்ட பிறகும் அளக்காத தகைவுக்குப் பொருளில்லை.

சவ்வு மொத்தத்தில் இலேசான இழுவிசையில் இருக்க வேண்டும், பறையின் தோல் போல. அமுக்கத்தில் இருந்தால் சுருங்கி நெளியும். சிலிக்கான் ஆக்சைடு அமுக்கத்தையும் சிலிக்கான் நைட்ரைடு இழுவிசையையும் தருவதால் இரண்டையும் அடுக்கிச் சமன் செய்வது வழக்கம். விடுவித்த சவ்வை மீயொலித் தொட்டியில் போடாதீர்கள். வெற்றிடத்தால் உறிஞ்சிப் பிடிக்கும் மேடையில் வைத்து ரெசிஸ்ட் சுழற்றவும் வேண்டாம். சவ்வை விடுவிப்பது எப்போதும் கடைசி வேலை என்பதற்கு இதுவும் காரணம்.

ஒரே படலம் காலையில் ஒரு மின்தடை, மாலையில் வேறு மின்தடை காட்டுகிறது.

வெளிச்சத்தைப் பாருங்கள். துத்தநாக ஆக்சைடு புற ஊதாக் கதிர் பட்டால் நன்றாகக் கடத்தும். கதிரை நிறுத்தியபின் பழைய நிலைக்குத் திரும்ப மணிக்கணக்கில் ஆகலாம். நுண்ணோக்கியின் விளக்கு எரியும்போது ஒருநாள் அளந்து, இருட்டில் மறுநாள் அளந்து, ஒரு வாரம் ‘ஈரப்பதத்தின் விளைவு’ என்று குறிப்பேடு நிரப்பியவன் நான். இருட்டில் வைத்து, சூடாக்கி, வறண்ட காற்றில் மின்தடை நிலைபெற்ற பிறகு அளவுகளை எடுங்கள். ரெசிஸ்டின் எச்சம் இருக்கிறதோ என்று சந்தேகம் இருந்தால் குறுகிய ஆக்சிஜன் பிளாஸ்மா கொடுங்கள். அதுவும் மேற்பரப்பை மாற்றும் என்பதால் மறுபடி சுட வேண்டியிருக்கும்.

வினையூக்கியாகப் பல்லேடியம், பிளாட்டினம் தூவுவது எப்போது?

வடிவம் பொறித்து முடித்து, அனீலிங்குக்குச் சற்று முன். ஓரிரு நானோமீட்டர் போதும். அது தீவுகளாக நிற்க வேண்டும். தொடர்ச்சியான படலமானால் மின்முனைகள் ஒன்றோடொன்று இணைந்துவிடும்.

ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைத் தனியாகக் கையாளலாமா?

கூடாது. பட்ட இடத்தில் உடனே வலிக்காமல் போகலாம். அதற்குள் அது உள்ளே ஊடுருவி உடலின் கால்சியத்தைப் பிணைத்துவிடும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, காலாவதியாகவில்லையா என்று பார்த்த பிறகே புட்டியைத் திறங்கள். பட்டுவிட்டால் உடனே நீரில் கழுவுங்கள், களிம்பு தடவுங்கள், வலி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் போங்கள். டெவலப்பரையும் சோப்பு நீர் போல நடத்த வேண்டாம். அடர்ந்த டெட்ராமீதைல் அமோனியம் ஹைட்ராக்சைடு தோல் வழியாகவே ஆளைக் கொல்லக்கூடியது.

வேஃபரில் நன்றாக வேலை செய்த உணரி, உறைக்குள் அடைத்ததும் மந்தமாகிவிட்டது. படலமா கெட்டது?

உறைக்குள் எந்தப் பசை போட்டீர்கள்? சிலிக்கோன் பசை என்றால் விடை கிடைத்துவிட்டது. அதிலிருந்து கசியும் சிலாக்சேன் ஆவி சூடான ஆக்சைடின் மேல் பட்டதும் சிதைந்து, சிலிக்கான் ஆக்சைடாக மூடிக்கொள்ளும். சுட்டாலும் போகாது. ஒரு தொகுப்பு முழுவதையும் இப்படி இழந்திருக்கிறோம். படலம், அரிப்பு, அனீலிங் என்று மூன்று வாரம் பின்னோக்கித் தேடிய பிறகு, மூடியை ஒட்டியவர் புதிதாக வாங்கிய குழாயைக் காட்டினார். பசையை மாற்றினோம், அடுத்த தொகுப்பு சரியாக வந்தது.